வாசிப்பில் இடர்ப்படும் மாணவர்களும் பல்கலைக் கழகங்களின் கடமையும்

வகுப்பில் கேட்ட பாடத்தைத் தெளிவாக எடுத்துரைக்கும் மாணவர் ஒருவர், அதையே நூலில் படித்தறியத் திணறுகிறார். அவரது விடைத்தாளில் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. அவரை மந்த புத்தியுடையவர் என ஒதுக்குவது எளிது. ஆயின் அது தவறு. ஒலிகளையும் அவற்றைக் குறிக்கும் எழுத்துகளையும் விரைந்து இணைத்தறிவதில் ஏற்படும் இடர்ப்பாடே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் இக்குறைபாடு அறிவுக் குறைவால் விளைவதன்று; வயது வந்ததும் மறைந்துவிடுவதுமன்று.

பள்ளியில் நினைவாற்றலால் இதனை ஈடுசெய்து வந்த மாணவரும் பல்கலைக் கழகத்தில் தடுமாற நேரிடுகிறது. அங்கு படிக்க வேண்டிய நூல்கள் மிகுதி. பலவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஒரே ஒலியைப் பலவாறு எழுதும் அம்மொழி சுமையை மேலும் கூட்டுகிறது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனை ஏற்றது. குறைபாடு 40 சதவிகிதமும் அதற்கு மேலும் உடையோர்க்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறிமுறைகளின்படி, எழுத்து உதவியாளர் தேவைப்படும் இத்தகையோர்க்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாத கூடுதல் நேரம் அளிக்க வகை செய்யப்பட்டது. 40 சதவிகிதத்திற்குக் குறைவு என்பதற்காக எழுத்து உதவியாளரை மறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

எனினும் தேர்வுச் சலுகை மட்டும் போதுமானதன்று. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பினும், ஆண்டு முழுவதும் படிக்க இயலாதவர் எதனை எழுதுவார்? ஆகவே பாடநூல்களைக் கணினி உரக்கப் படித்துக் காட்டக்கூடிய வடிவில் நூலகங்கள் வழங்குதல் வேண்டும். பக்கங்களை வெறும் படமாக எடுத்துத் தருவது இதற்கு உதவாது. அச்சு நூலைப் படிக்க இயலாதோர்க்கென இவ்வாறு மாற்றியமைப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. படிக்க வேண்டிய பகுதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்தல், விரிவுரைகளைப் பதிவு செய்ய அனுமதித்தல், மொழித் தேர்வல்லாத தாள்களில் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண் குறையாதிருத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

உதவி கோருவோரிடம் நீண்ட படிவங்களை நீட்டுவது, எந்த இடரைக் களைய முற்படுகிறோமோ அதனையே மீண்டும் முன்வைப்பதாகும். விவரங்களை நேரில் கேட்டறிந்து, மறைவாகக் காத்து, சான்றிதழ் பெற வழிகாட்டும் அலுவலர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் வேண்டும். சட்டம் அளித்த உரிமை மாணவரைச் சென்றடைவது அத்தகையோர் கையில்தான் உள்ளது.