இடது கையால் நான்கு மணி நேரம்... ஒரு கூர்க்கா வீரரின் கதை!

உயரம் வெறும் 4 அடி 11 அங்குலம். நேபாளத்தில் பிறந்த லச்சிமன் குருங், 1940-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் சேர்ந்தார்.

1945 மே 13, அதிகாலை. ஐரோப்பாவில் போர் முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. பர்மாவில் முடியவில்லை. ஐராவதி ஆற்றின் மேற்குக் கரையில், டவுங்டா என்ற இடத்தில் பதுங்குகுழியில் இருந்த குருங்கின் பிரிவை 200-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் தாக்கினார்கள்.

குழியின் விளிம்பில் ஒரு கையெறிகுண்டு விழுந்தது. எடுத்துத் திருப்பி வீசினார். குழிக்குள்ளேயே இரண்டாவது குண்டு. அதையும் வீசினார். மூன்றாவது, கையிலேயே வெடித்தது.

வலது கை விரல்கள் போய்விட்டன. முகத்திலும் காலிலும் காயம். உடனிருந்த இருவரும் படுகாயத்துடன் சாய்ந்துவிட்டார்கள். தனியாளான குருங், இடது கையாலேயே துப்பாக்கியில் குண்டு நிரப்பிச் சுட ஆரம்பித்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அது இருப்பதோ வலது பக்கம்! அப்படியே நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தார். விடிந்தபோது அவருடைய பிரிவின் முன்னால் மட்டும் 31 உடல்கள் கிடந்தன.

வலது கண் பார்வையும் பறிபோனது. அதே ஆண்டு டிசம்பரில், டெல்லி செங்கோட்டையில் வைஸ்ராய் வேவல் அவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கத்தை அணிவித்தார்.

ஆனால், 1997-க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்கு பிரிட்டனில் குடியேறும் உரிமை இல்லை. அதற்காக 2008-ல் லண்டனில் நடந்த போராட்டத்தில், 90 வயதில் குருங்கும் பங்கேற்றார். 2009 மே மாதம் அரசு இறங்கிவந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், லண்டனில் அவர் காலமானார்.