பரீட்சைக்கு வராத வரி

கம்ப்யூட்டர் வகுப்பறைகள் – 9

போன வாரம் கம்பைலர் பாடத்தைப் பார்த்தோம். இந்த வாரம் ஆபரேட்டிங் சிஸ்டம்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த யாரிடமாவது இந்தப் பாடத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரவுண்டு ராபின், கேன்ட் சார்ட், சராசரிக் காத்திருப்பு நேரம் எவ்வளவு என்று போட்ட கணக்கு, பேங்கர்ஸ் அல்காரிதம் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் மார்க் வாங்கித் தரும் சங்கதிகள். ஆனால் பேங்கர்ஸ் அல்காரிதம் லினக்ஸிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை. ரெக்கார்ட் நோட்டுகளில்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சரி, ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்ததுண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். லினக்ஸ் கெர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. சிரிக்காமல் என்ன செய்வது?

1976-ல் சிட்னியில் ஒருவர் அதையே பாடமாக வைத்தார். ஜான் லயன்ஸ், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர். பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு அப்போது பல்கலைக்கழகங்களுக்கு நிரலோடு கிடைத்தது. கெர்னல் மொத்தமே ஏறக்குறைய 9,000 வரி. லயன்ஸ் அதை அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, கூடவே விளக்கவுரை ஒன்றும் எழுதி மாணவர் கையில் கொடுத்தார். ஒரு மனிதன் முழுதாகப் புரிந்துகொண்டு கட்டிக் காக்கக்கூடிய நிரலுக்குப் பத்தாயிரம் வரிதான் எல்லை என்பது அவர் கணக்கு. மூலமும் உரையும் பக்கத்தில் பக்கத்தில். நமக்குப் பழக்கமான படிப்புமுறைதான்.

அந்தப் பிரதியில் 2238-ம் வரி உலகப் புகழ் பெற்றது. ஒரு புராசஸை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்குத் தாவும் இடம். அங்கே நிரலாளர் விட்டுச்சென்ற குறிப்பு, இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் இருக்கும். படித்தவர்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். ரிச்சி பிற்பாடு விளக்கினார்: திமிர் இல்லை, 'இது பரீட்சைக்கு வராது' என்கிற தொனியில் எழுதியது. உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்பது அப்போது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பாடநூல்களின் சுத்தமான படங்களில் இந்த மாதிரி ஓர் இடத்தை நீங்கள் பார்க்கவே முடியாது.

1979-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் கதவை அடைத்தது. நிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஜெராக்ஸ் என்று கண்டம் தாண்டிப் பரவியது. முறைப்படி புத்தகமாக வர 1996 ஆயிற்று. 1998-ல் லயன்ஸ் காலமானார்.

அதே தடையால்தான் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானென்பாம் தன் மாணவர்களுக்காக மினிக்ஸ் என்ற சிறு ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தானே எழுதி, 1987-ல் புத்தகத்தோடு வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, மேலே போவோம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) 2002-ல் லயன்ஸின் பழைய உரையை வைத்தே வகுப்பைத் தொடங்கினார்கள். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். முப்பது வருடப் பழைய நிரல், பழைய சி மொழி, மியூசியத்தில் இருக்க வேண்டிய பிடிபி-11 மெஷின். நியாயமான முணுமுணுப்புதான். 2006-ல் ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மோரிஸ், ரஸ் காக்ஸ் ஆகியோர் ஆறாம் பதிப்பின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு இன்றைய மெஷினுக்கு ஏற்றபடி புதிதாக எழுதினார்கள். பெயர் எக்ஸ்வி6. இன்று அது ரிஸ்க்-ஃபைவ் புராசஸருக்கு மாறிவிட்டது. இன்னும் பத்தாயிரம் வரிக்குள்தான்.

இந்த மோரிஸ் யார் தெரியுமா? 1988 நவம்பர் 2 அன்று இன்டர்நெட்டையே முடக்கிய 'மோரிஸ் வோர்ம்' இவர் விட்டதுதான். கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்துகொண்டு, எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து அதை ஏவினார். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிறகு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியர். அப்பா ராபர்ட் மோரிஸும் பெல் லேப்ஸில் யூனிக்ஸோடு புழங்கியவர். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஓட்டைகளைச் சொல்லித்தர இவரைவிடத் தகுதியானவர் கிடைப்பது கஷ்டம்.

இந்த வகுப்பில் லேப் எப்படி நடக்கிறது என்பதற்கு ஃபோர்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

டெர்மினலில் ஒரு கட்டளை அடித்தால் ஷெல் முதலில் ஃபோர்க்கைக் கூப்பிடும். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும். கூப்பிடுவது ஒரு தடவை, திரும்பி வருவது இரண்டு தடவை. தாய்க்குக் குழந்தையின் எண் கிடைக்கும், குழந்தைக்குப் பூஜ்யம் கிடைக்கும். இதை மனப்பாடம் செய்யாத மாணவர் இல்லை. எப்படி இரண்டு தடவை திரும்பும் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். எக்ஸ்வி6-ல் அதற்குப் பதில் ஒரே வரி. குழந்தைக்காக எடுத்து வைத்திருக்கும் ரிஜிஸ்டர் நகலில், ஏ0 என்ற இடத்தில் பூஜ்யத்தை எழுதிவிடுகிறார்கள். ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பு உட்காரும் ரிஜிஸ்டர் அது. அவ்வளவுதான், மாயம் ஒன்றுமில்லை.

எக்ஸ்வி6-ன் ஃபோர்க் தாயின் மெமரி முழுவதையும் 4,096 பைட் கொண்ட பேஜ் பேஜாக நகலெடுக்கும். ஷெல்லோ அடுத்த நொடியே எக்ஸெக்கைக் கூப்பிட்டு, அந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு ப்ரோக்ராமை ஏற்றும். எடுத்த நகல் எல்லாம் வீண். இதைச் சரிசெய்வதுதான் லேப் வேலை. கையில் ஒரு சோதனை ப்ரோக்ராமும் கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்வி6-க்கு மொத்த மெமரி 128 எம்பி. காலியாக உள்ளதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டு அந்த ப்ரோக்ராம் ஃபோர்க் செய்யும். நகலுக்கு இடம் இல்லாமல் ஃபோர்க் தோற்றுப்போகும்.

தீர்வு, நகலெடுக்காமல் இருப்பது. தாய், குழந்தை இருவரின் பேஜ் டேபிளும் ஒரே பேஜைக் காட்டட்டும். அதில் எழுதும் அனுமதியை மட்டும் இருவரிடமிருந்தும் பறித்துவிட வேண்டும். யாராவது எழுதப் போனால் புராசஸர் தடுத்துக் கெர்னலிடம் முறையிடும். அப்போது அந்த ஒரு பேஜை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் போதும்.

சொல்வது எளிது. ஒரு பேஜுக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்கள் என்று கணக்கு வைக்க வேண்டும், கடைசி ஆள் விட்ட பிறகே அதைக் காலி செய்ய வேண்டும். எக்ஸ்வி6 வழக்கமாக மூன்று சிபியூக்களோடு ஓடுகிறது. இரண்டு சிபியூ ஒரே நேரத்தில் அந்தக் கணக்கைத் தொட்டால் எண்ணிக்கை பிசகும். பத்து தடவை ஓட்டினால் ஒன்பது தடவை ஒழுங்காக ஓடிப் பத்தாவதில் விழுகிற ரகம் இது. லாக் போட வேண்டும். அதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. ஃபைலைப் படித்துத் தரும்போது பயனர் மெமரியில் கெர்னலே எழுதும். அது தன் சொந்த பேஜ் டேபிள் வழியாகப் போவதால், பயனர் பேஜில் வைத்த தடை அதைத் தடுக்காது. எக்ஸ்வி6-ன் பழைய வடிவங்களில் இந்த இடத்தை மறந்துவிட்டால் குழந்தை படித்த ஃபைல் தாயின் மெமரியில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். எர்ரர் மெசேஜ் கிடையாது. இந்த ஒரு தவற்றைத் தேடிப் பிடித்த மாணவருக்கு பேஜ் டேபிளைப் பற்றி யாரும் வைவா வைக்கத் தேவையில்லை.

நம் கல்லூரி லேபிலும் ஃபோர்க் உண்டு. சி-யில் நாலு வரி எழுதி, 'பேரன்ட்', 'சைல்ட்' என்று திரையில் வந்ததும் ப்ரின்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினால் கையெழுத்து கிடைத்துவிடும். ஃபோர்க்கை வெளியிலிருந்து கூப்பிடுகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. குறை ஆசிரியர்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து யூனிட்டை முடித்தாக வேண்டிய பாடத்திட்டத்தில் ஒரு நிரலை முழுசாக வாசிக்க இடமே வைக்கவில்லை. ஆள் இல்லாமலும் இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ என்பிடெல்லில் நடத்திய ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பே எக்ஸ்வி6-ஐ வைத்துத்தான். ஐ.ஐ.டி. பாம்பேயிலும் அதை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். பாடத்திட்டத்தில் ஒரு யூனிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸ்வி6-ஐ வைத்தால் நஷ்டம் ஒன்றும் வராது. பேங்கர்ஸ் அல்காரிதத்திலிருந்தே தொடங்கலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு: எக்ஸ்வி6-ன் நிரலும் அதற்கான விளக்கப் புத்தகமும் இலவசம். க்யூஈமு என்ற எமுலேட்டர் போட்ட சாதாரண லேப்டாப்பில் ஓடும். முதலில் ஷெல்லைப் படியுங்கள், பிறகு ஃபோர்க்கும் ஷெட்யூலரும் இருக்கும் ஃபைலுக்கு வாருங்கள். கடைசியில் ஸ்விட்ச் ஃபங்ஷன். 14 ரிஜிஸ்டர்களை எடுத்து வைத்துவிட்டு, வேறு 14-ஐ ஏற்றிக்கொண்டு திரும்பும். யூனிக்ஸில் அந்தக் குறிப்பு இருந்த அதே வேலைதான், ஆனால் இதை உட்கார்ந்து படித்தால் ஒரு சாயங்காலத்தில் புரிந்துவிடும். புரியாவிட்டால் எழுதுங்கள், அடுத்த வாரம் டேட்டாபேஸுக்குப் போகும் முன் பதில் சொல்கிறேன்.