போனோடு போன கடன் கணக்கு

பிங்கா ஓயா பெருகுகிறது என்று செய்தி வந்தால் எதை முதலில் மேல் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று அக்குறணை வியாபாரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எனது ஹாட்வெயார் கடையில் முதலில் சீமெந்து, அடுத்தது மின்சாரச் சாமான், பிறகு பெயின்ட். குழாயும் வாளியும் நனைந்தால் கழுவி விற்கலாம். அவற்றை அப்படியே விட்டுவிடுவோம்.

2022 இறுதியில் பெய்த மழையிலும் அப்படித்தான் செய்தோம். நானும் கடைப் பையன்மார் இருவரும் இரவு முழுக்க மூடை சுமந்தோம். அந்த அவசரத்தில் நான் குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த போன் தண்ணீரில் விழுந்தது. அது எனக்குத் தெரிய வந்ததே அரை மணித்தியாலம் கழித்துத்தான். ஒரு சீமெந்து மூடைகூட நனையவில்லை என்பதால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு விடியற்காலையில் வீட்டுக்குப் போனேன். போனைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம்தானே. அரிசிக்குள் போட்டு வைத்தால் சரியாகும் என்று வீட்டில் சொன்னார்கள், போட்டு வைத்தோம். இரண்டு நாளில் அரிசி சோறாகிவிட்டது. போன் எழும்பவில்லை.

எதை இழந்தேன் என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது. ஒரு மேசன் பாஸ் வந்து, "முதலாளி, என்ட கணக்கு எவ்வளவு இருக்கு? கொஞ்சம் காசு தரத்தான் வந்த" என்றார். பழக்க தோஷத்தில் சட்டைப் பையைத் தடவினேன்.

எமது தொழிலில் கடன் இல்லாமல் வியாபாரம் இல்லை. வீட்டுக்காரர் மேசன் பாஸுக்குக் காசு கொடுத்தால்தான் அவர் எனக்குத் தருவார். 2018 வரை அதையெல்லாம் சீஆர் கொப்பியில் எழுதி வந்தேன். பிறகு எனது மகன் வட்ஸ்அப்பைக் காட்டித் தந்தான். ஒவ்வொருவருக்கும் சாமான் கொடுத்ததும் பில்லைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுவேன். அவர் வங்கியில் காசு போட்டால் ஸ்லிப்பைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, சண்டை வராது என்று நினைத்தேன். நல்ல முறைதான். கொப்பியைக் கைவிட்டதுதான் பிழை. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கு நான் கொடுக்க வேண்டியதும் அதே போனில்தான் இருந்தது. எனக்கு வர வேண்டியது நாலு இலட்சத்துக்கு மேல் என்று மட்டும் மனதில் நின்றது. யாரிடமிருந்து எவ்வளவு என்று கேட்டால் பாதிக்குத்தான் பதில் இருந்தது.

பெக்கப் இருக்கும், புதுப் போனில் எல்லாம் வந்துவிடும் என்று மகன் தைரியம் சொன்னான். அது உண்மைதான், பெக்கப் இருந்தது. ஆனால் எந்த ஜிமெயில் கணக்கில்? போனை வாங்கிய நாளில் கடையில் வேலை செய்த பையனே ஒரு ஜிமெயிலைத் திறந்து, கடவுச்சொல்லும் போட்டு, "எல்லாம் ஓகே ஹாஜியார்" என்று கையில் தந்துவிட்டான். முகவரியே எனக்குத் தெரியாது. கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மீட்பதற்குக் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கமும் அவனுடையது. அவனோ அப்போது கத்தாரில். பெட்டகத்தை நான் வாங்கி, சாவியை இன்னொருவரின் பையில் போட்டுவிட்ட கதைதான் இது. இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் போனில் இருக்கும் ஜிமெயில் முகவரி மனப்பாடம்? சந்தையில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர் மகனைக் கூப்பிட்டார்கள்.

ஆகவே முதல் வேலை அதுதான். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மீட்பு இலக்கம் உங்களுடையதாக இருக்க வேண்டும். முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி காணி உறுதி இருக்கும் கோவையில் வையுங்கள். கடை லாச்சியில் வைக்க வேண்டாம். சிம் அட்டை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். வட்ஸ்அப் பழைய உரையாடல்களைத் திருப்பித் தருவது அதே தொலைபேசி இலக்கத்துக்குத்தான். போன் தொலைந்தால் அதே இலக்கத்தில் புது சிம் எடுக்க அடையாள அட்டையோடு போக வேண்டும். சிம் முன்னாள் வேலையாளின் பெயரில் இருந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இனி வட்ஸ்அப்புக்குள் போய் செட்டிங்ஸ், அதில் சட்ஸ், அதில் சட் பெக்கப் என்று திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது பிரதி எடுக்கப்பட்டது என்ற திகதி அங்கே இருக்கும். அந்தத் திகதியைப் பார்த்தால் சிலருக்குத் தூக்கம் போய்விடும். எனது மைத்துனரின் போனில் எட்டு மாதத்துக்கு முந்திய திகதி இருந்தது. தினமும் என்று மாற்றிவிடுங்கள். அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணியளவில் போனுக்குள்ளேயும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது, ஏழு நாள் வரை வைத்திருக்கிறது. ஆனால் அது கடைக் கொப்பியின் மறு பிரதியைக் கடைக்குள்ளேயே வைப்பது போன்றது. தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். வெளியே கூகுள் கணக்கில் இருப்பதுதான் உதவும்.

கூகுள் ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடம் இலவசமாகத் தருகிறது. மின்னஞ்சல், படங்கள், கோவைகள் எல்லாம் அதற்குள்தான். முன்பு அன்ட்ரொயிட் வட்ஸ்அப் பெக்கப் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2024இலிருந்து அதுவும் சேர்கிறது. இடம் நிரம்பினால் பெக்கப் நின்றுவிடும், மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். நிரப்புவது எது என்று பார்த்தால் பில்களல்ல. வெள்ளிக்கிழமை தோறும் வரும் ஜும்ஆ முபாரக் படங்கள், கலியாண வீட்டு வீடியோக்கள், குடும்பக் குழுவில் ஐந்து பேர் அனுப்பும் ஒரே பயான். ஆகவே பெக்கப்பில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம் என்று தெரிவு செய்யுங்கள். வியாபாரத்துக்கு வேறு சிம், அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் பிரித்துவிட்டேன். ஐபோன்காரருக்கு ஐகிளவுட்டில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். அவர்களுக்கு இது சீக்கிரமே நிரம்பும்.

பெக்கப்பை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டும் வசதியை வட்ஸ்அப் 2021இல் கொடுத்தது. ஒரு கடவுச்சொல் அல்லது 64 இலக்கங்கள் கொண்ட சாவி கேட்கும். இரகசியம் காக்க நல்லது. ஆனால் அதை மறந்தால் வட்ஸ்அப் கம்பனியாலும் திறக்க முடியாது, கூகுளாலும் முடியாது. மறதிக்காரர்கள் எழுதி வைத்துவிட்டே இதைத் தொட வேண்டும்.

பில் போடும் செயலி பாவிப்போருக்கு ஒரு விசேட எச்சரிக்கை. செயலி வேறு, அதற்குள் இருக்கும் கணக்கு வேறு. புதுப் போனில் செயலி தானாக இறங்கிவிடும், அதே பெயர், அதே படம். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது, இறாக்கையில் சரக்கு இல்லை. சில செயலிகள் கணக்கைத் தமது சேர்வரில் வைக்கின்றன, சில போனுக்குள் மட்டும் வைக்கின்றன. உங்களுடையது எது என்று விற்றவரிடம் இன்றே கேளுங்கள். எதுவானாலும் மாதம் ஒரு தடவை கணக்கை எக்ஸல் அல்லது பிடிஎப் கோவையாக எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

பெயர்கள், இலக்கங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பழக்கத்தில் எம்மில் பலர் இன்னும் சிம்மில் சேமிக்கிறோம். கூகுள் கணக்கில் சேமித்தால் புதுப் போனில் தானாக வந்துவிடும். படங்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் ஏறிய படத்தைப் போனில் இடம் பிடிக்கிறதே என்று அந்தச் செயலியிலேயே அழித்தால் மேலே இருப்பதும் அழிந்துவிடும். குப்பைக் கூடையில் 60 நாள் இருக்கும், அதற்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். இதனால்தான் நான் மாதக் கடைசியில் வயர் போட்டு, பில் படங்களைக் கணினியிலும் ஒரு ஹாட் டிஸ்க்கிலும் பிரதி எடுக்கிறேன். அந்த டிஸ்க் வீட்டில் இருக்கிறது, கடையில் அல்ல. மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அவற்றில் ஒன்று வெளியே என்று இந்தத் துறையில் ஒரு பழைய விதி சொல்வார்கள். 2004 சுனாமியில் ஏடுகளை இழந்த கரையோர வியாபாரிகளுக்கும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியில் கடையையே இழந்தவர்களுக்கும் அந்த "வெளியே" என்ற சொல்லின் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் எனது பழைய வியாபார நண்பர் ஒருவர் திடீரென்று வபாத்தானார். ஜனாஸாவில் வழக்கம் போல மூத்த மகன் எழுந்து, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் தன்னிடம் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டார். வந்து சொன்னார்கள். அவற்றில் எது சரி, எது கூடுதல் என்று பார்க்க வழியில்லை. எல்லாம் வாப்பாவின் போனில், போன் அவரது விரல் அடையாளத்தில். மகன்மார் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அவருக்கு வர வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மிகச் சிலர். கடனை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பது எம்மெல்லோருக்கும் தெரியும். எழுதினோம்தான், எழுதியதைத் திறக்கும் வழியை யாருக்கும் சொல்லவில்லை. நாம் நீண்ட நாள் பாவிக்காமல் விட்டால் நாம் குறிப்பிடும் ஒருவருக்குத் தரவுகளைக் கொடுக்கும் ஏற்பாடு கூகுள் கணக்கில் 2013 முதல் உண்டு. அப்பிள் போனிலும் 2021 இறுதியிலிருந்து அப்படியொரு வாரிசுத் தொடர்பைப் பதியலாம். பத்து நிமிட வேலை. நான் எனது மூத்த மகனைப் பதிந்துவிட்டேன். போன் லொக்கின் இலக்கம் அந்தக் காணி உறுதிக் கோவையில் இருக்கிறது என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

எனது கதையின் மீதி இது. போன் இல்லாத அந்த நாட்களில் நான் ஒவ்வொருவரிடமும் போய் நிலைமையைத் திறந்து சொன்னேன். பெரும்பாலானோர் தம்மிடம் இருந்த படங்களைக் காட்டி சரியான தொகையைச் சொன்னார்கள். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து பாஸ் ஒருவர் மட்டும் தான் ஒன்றும் தர வேண்டியதில்லை, 38,500 ரூபாவையும் வங்கியில் போட்டு ஸ்லிப்பும் அனுப்பிவிட்டேன் என்றார். காட்டுங்கள் என்றேன். அவரும் போன் மாற்றியிருந்தார், அவரிடமும் இல்லை. எனது ஞாபகத்தில் அந்தக் காசு வரவில்லை. எனது கணக்கிற்கு அந்த வாரம் பலர் பணம் போட்டிருந்தார்கள், வங்கிக் கூற்றில் யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. சட்டத்தில் மின்னணுச் செய்திக்கு மதிப்புண்டு, 2006ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இருவரிடமும் இல்லாத செய்தியை எங்கே காட்டுவது? நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். மறு வாரம் அவர் இருபதாயிரம் ரூபா கொண்டு வந்து மேசையில் வைத்து, "மிச்சத்த பொறகு தாறன் முதலாளி, சண்ட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்து கத்தார் பையனை அவனது நானா மூலம் பிடித்தோம். முகவரி அவனுக்கு ஞாபகம் இருந்தது. கடவுச்சொல்லுக்கு மூன்று ஊகம் சொன்னான், மூன்றாவது சரி. கூகுள் அதோடு விடவில்லை, அவனது பழைய இலங்கை இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்பியது. அந்த சிம்மை அவனது உம்மா பாவித்துக்கொண்டிருந்தார், எமது அதிர்ஷ்டம். மாவனல்லையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் தாய் ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சொல்ல மகன் அடித்தான். பழைய போன் ஒன்றில் எல்லாம் திரும்பி வந்தது.

நான் முதலில் தேடியது கட்டுகஸ்தோட்டை பாஸின் பெயரைத்தான். ஸ்லிப் இருந்தது. 38,500 ரூபா, திகதியோடு, வங்கி முத்திரையோடு. கீழே நானே பெருவிரல் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அன்று பின்னேரமே இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். காசைக் கொடுத்து, மாப்புக் கேட்டேன், அவரோடு வேலை செய்தவர்கள் முன்னிலையிலேயே. எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு, "மகன்ட ஸ்கூல் காசு அது முதலாளி" என்றார். இப்போதும் எனது கடையில்தான் சாமான் எடுக்கிறார். ஆனால் போனில் படம் அனுப்பினாலும், சீஆர் கொப்பியிலும் எழுதச் சொல்லி, தன் கையொப்பத்தையும் அதில் போட்டுவிட்டுத்தான் போகிறார்.