ஒரே எடை, வேறு வேறு உடல்

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தின் இருமடியால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். உணவையும் உடற்பயிற்சியையும் தீர்மானிக்கப் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதன் போதாமையைக் காட்ட 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியானது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த வாகு இந்தியர்களிடம் அதிகம். அதனால்தான் இங்கே 23-ஐத் தொட்டாலே எடை கூடுதல் என்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு அந்த வரம்பு 25. இடுப்புச் சுற்றளவையும் அளப்பது நல்லது: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

ஒரே உணவு எல்லோருக்கும் ரத்தச் சர்க்கரையை ஒரே அளவு ஏற்றுவதும் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரின் உடலில் உணர்கருவி பொருத்தி ஒரு வாரம் கவனித்தது. ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றியது, பிஸ்கட் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறாக நடந்தது. குடல் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்குண்டு என்று 2015-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

அதற்காக மரபணுச் சோதனை செய்து உணவுப் பட்டியல் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தார்கள். யாருக்கு எந்த உணவு ஒத்துவரும் என்பதை அதில் பார்த்த மரபணு வகைகளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இன்றைய நிலையில் ஒருவருக்கான உணவை முடிவு செய்பவை அவருடைய நோயும் மருந்தும்தான். ரத்த அழுத்தக்காரருக்கு நல்லதென்று கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகிப் பொட்டாசியம் ஏறியிருப்பவருக்கு அதே உப்பு இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். இளநீரும் அவருக்கு ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் துளியும் இல்லை என்று மாற்றினால்தான் மருந்தின் கணக்குத் தப்பும்.

உடற்பயிற்சியின் பலனும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க, கனடாக் குடும்பங்களுக்கு 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சிலரது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நன்றாக உயர்ந்தது. சிலருக்கு அசையவே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் முன்னேற்றம் தெரிவதாகப் பிந்தைய ஆய்வொன்று காட்டியது.

முழங்கால் தேய்ந்தவருக்கு ஓட்டத்தைவிட சைக்கிளும் நீச்சலும் தொடைத் தசைப் பயிற்சியும் ஏற்றவை. சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்தவர் மூச்சைப் பிடித்துப் பளு தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். பாதத்தில் உணர்ச்சி மரத்தவர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலையில் செய்த கடும் பயிற்சியின் விளைவாக நள்ளிரவில்கூடச் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதால், படுக்கும் முன் இன்னொரு முறை பார்ப்பதும் அவசியம்.