கிளினிக் கொப்பியில் உங்கள் இலக்கு என்ன?

இலங்கையில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாக 2008இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொன்னது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. 2021இல் சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் காணப்பட்டது. சீனி வருத்தமும் பிரெஷரும் கண்டி மாவட்டத்திலுள்ள நம் மடவளைக்குப் புதியவை அல்ல. நம் வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசையிலேயே மெட்ஃபோர்மின் மாத்திரை அட்டை கிடக்கிறது.

ஆனாலும் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது நாம் கொண்டுவருவது மருந்துப் பையை மட்டும்தான். "டொக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார்" என்கிறோம். எவ்வளவு குறைப்பது, எத்தனை நிமிடம் நடப்பது, எந்தத் தேதியில் மறுபடி அளந்து பார்ப்பது என்று அவரிடம் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து இரத்தச் சீனி அதே இடத்தில் நிற்கிறது, மாத்திரை மட்டும் ஒன்று கூடுகிறது. எண்ணும் தேதியும் போட்டு எழுதிய இலக்கு இருந்தால் இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரலாம்.

அளந்தவர்கள் கண்ட பலன்

அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு அங்கே கொடுத்த இலக்குகள் இரண்டு: உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பது. அப்படிச் செய்தவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்த குழுவுக்குக்கூட அவ்வளவு பலன் கிடைக்கவில்லை.

நம் சாப்பாட்டுக்கு இது சரிவருமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை பதில் வைத்திருக்கிறது. டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அங்கே அதேபோல் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து மூன்று வருடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39 சதவீதம். சோறும் கறியும் சாப்பிடும் மக்களிடமே கிடைத்த பலன் இது.

முதலில் உங்கள் எண்கள்

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் இலக்கு வைக்க முடியாது. வளர்ந்த ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய அளவுகள் இவை:

- உடற்திணிவுச் சுட்டி: நிறையை (கிலோ) உயரத்தின் (மீற்றர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை.
- இடுப்புச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது.
- குருதியமுக்கம்: திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது உயர் குருதியமுக்கம்.
- வெறுவயிற்றுச் சீனி (mg/dL): 126 அல்லது அதற்கு மேல் நீரிழிவு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை எல்லை.
- கொலஸ்ட்ரோல்: இதை மற்ற அளவுகளோடு சேர்த்து வைத்தியர்தான் கணிப்பார்.

இவற்றை அளக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்ந்து 2011இலிருந்து ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் நடக்கின்றன. 35 வயது தாண்டியவர்களுக்கு அங்கே இந்தப் பரிசோதனைகள் இலவசம். மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயத்தையும் கணித்துச் சொல்வார்கள். 35 வயதான பெண்களுக்கு சுகநல மகளிர் கிளினிக் 1996 முதல் இருக்கிறது. பிரெஷர், சீனியோடு மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அங்கே உண்டு. உங்களுக்குக் கிட்ட எது, எந்த நாளில் என்பதைப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

இலக்கை எழுதும் முறை

கடை நடத்தும் 48 வயதுக்காரர் ஒருவரை உதாரணமாக வைப்போம். உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ, வெறுவயிற்றுச் சீனி 114. அவர் 7 சதவீதம் குறைப்பது என்றால் ஐந்தரைக் கிலோ. ஆறு மாத அவகாசம் எடுத்தால் மாதத்துக்கு ஒரு கிலோகூட வராது. "ஆறு மாதத்தில் 72.5 கிலோ, வெள்ளிக்கிழமை காலையில், ஒரே தராசில்" என்று கொப்பியில் எழுதினால் அதுதான் இலக்கு.

ஆனால் நிறை நேரடியாக நம் கையில் இல்லை. ஒவ்வொரு நாளும் செய்யும் காரியம்தான் நம் கையில் இருக்கிறது. அதற்கும் எண் வேண்டும்.

தேத்தண்ணியில் தொடங்குவோம். நாளைக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. தேத்தண்ணி ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்த மாதம் கோப்பைக்கு ஒரு கரண்டி, அடுத்த மாதம் அரைக் கரண்டி. வாய் பழகிக்கொள்ளும்.

சோடா வாங்கும்போது போத்தலில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு சட்டமாக இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை.

நம் கலியாண வீட்டு சஹன் இன்னொரு விஷயம். ஆறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றி உட்காரும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது எவருக்கும் தெரியாது. சோறு குறையக் குறைய மறுசோறு வந்து விழும். சேர்ந்து உண்பது நம் உறவை வளர்க்கும் நல்ல பழக்கம், அதை விடத் தேவையில்லை. உட்கார்ந்ததும் உங்கள் பக்கத்தில் ஒரு கோப்பை அளவு சோற்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் கை கழுவுங்கள். வட்டிலப்பம் இரண்டு கரண்டியோடு சரி. வீட்டில் சாப்பிடும்போது பீங்கானில் பாதி மரக்கறியும் மல்லுமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ கோழியோ. கறிக்கும் சம்பலுக்கும் போடும் உப்பெல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். சுபஹ் தொழுதுவிட்டு நேரே நடக்கப் போகிறவருக்கு வேறு நேரம் தேடத் தேவையில்லை. வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் பத்து நிமிடமாகப் பிரித்து முற்றத்திலும் மாடியிலும் நடக்கலாம். அதுவும் கணக்கில் சேரும்.

ரமழானில்

நீரிழிவு உள்ளவர் ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே வைத்தியரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் கேட்டு வைக்க வேண்டும். நோன்பு நேரத்தில் இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை விட வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டல். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டியவை

பிழையான அளவு பிழையான சிகிச்சைக்கு இட்டுச் செல்லும். பஸ்ஸில் இருந்து இறங்கி ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு பிரெஷர் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது. குளுக்கோமீற்றர் பட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பத்து நாளில் பத்துக் கிலோ குறையும் என்று விற்கும் தூளையும், சீனி வருத்தத்தை அடியோடு மாற்றும் என்று சொல்லும் கசாயத்தையும் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். எண் நன்றாக வந்தால்கூட மாத்திரையைக் குறைப்பது வைத்தியரின் முடிவு. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் நிறை குறைக்கும் இலக்கு வைக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் நின்றுவிடுங்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

உரிமையும் முறைப்பாடும்

உங்கள் நோய் என்ன, எண் என்ன, இலக்கு என்ன என்று கேட்பது தொந்தரவு அல்ல, உரிமை. தமிழும் அரசகரும மொழி என்கிறது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம். கண்டியில் எந்த அரச வைத்தியசாலையிலும் தமிழில் விளக்கம் கேட்கலாம். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

தனியார் ஆய்வுகூடமும் மருத்துவ நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். குறை இருந்தால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் முறையிடலாம். பதிவில்லாத மருந்து என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. பொய் விளம்பரமும் காலாவதிப் பொருளும் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். கடை, ஹோட்டல் உணவு பற்றிய குறையைப் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சொல்லலாம். நடக்கப் பாதுகாப்பான இடம் வேண்டுமென்றால் ஊரவர் சேர்ந்து பிரதேச சபைக்கு எழுத்தில் கேளுங்கள். அந்தக் கோரிக்கைக்கு என்ன ஆனது என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் எண் இப்போது என்ன? அது எத்தனைக்கு வர வேண்டும்? எந்தத் தேதிக்குள்? மூன்று பதிலையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ வாசிக்கக் கஷ்டமென்றால் பிள்ளைகள் கூடப் போய் எழுதி வாருங்கள். பெற்றோருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.