சூரியத் துகள்களை விரட்டுவது யார்?

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஒரு மணி நேரமாவது ஆகும். இதே தூரத்தை ஒரு வினாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் கடக்கும் எலக்ட்ரான்கள் உண்டு! சூரியனில் சுடர்வெடிப்பு நிகழும்போது அவை ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் பெறுகின்றன. இந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

சூரியன் மின்னேற்றமுள்ள துகள்களாலான பிளாஸ்மாக் கோளம். அதன் கரும்புள்ளிகளில் காந்தப் புலம் மிக வலிமையானது. அங்கிருந்து காந்த விசைக் கோடுகள் வளைவுகளாக மேலெழுகின்றன. அடியிலுள்ள பிளாஸ்மா ஓயாமல் புரள்வதால் அவை முறுக்கேறுகின்றன. முறுக்கிய ரப்பரில் சேர்வதுபோல் அவற்றில் ஆற்றல் சேர்கிறது. எதிரெதிர்த் திசைக் கோடுகள் நெருங்கும்போது, அவை அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெளிப்படுகிறது.

அது துகள்களை எப்படி அடைகிறது? இரு வழிகளைச் சொல்லலாம். ஒன்று, மாறும் காந்தப் புலம் மின்புலத்தை உண்டாக்கும். சைக்கிள் டைனமோவின் தத்துவமும் இதுதான். அம்மின்புலம் துகள்களை உந்துகிறது.

மற்றது, பந்து விளையாட்டு! மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் பேருந்தின்மீது, 20 கி.மீ. வேகத்தில் ஒரு பந்தை எறிவதாக வைத்துக்கொள்வோம். (மனக்கணக்கில் மட்டும்!) பேருந்துக்குப் பந்து 60 கி.மீ. வேகத்தில் வருவதாகத் தோன்றும். வேகம் குறையாமல் அது திரும்பினால், சாலையோரம் நிற்பவருக்கு அதன் வேகம் 60 + 40 = 100 கி.மீ.! வேகம் ஐந்து மடங்கு. ஆற்றலோ 25 மடங்கு. சூரியனில், புதிதாக இணைந்த காந்தக் கோடுகள் சுருங்குகின்றன. அவற்றில் சிக்கிய துகள்கள் முன்னும் பின்னும் மோதி, ஒவ்வொரு முறையும் ஆற்றல் பெறுகின்றன. காஸ்மிக் கதிர்களுக்காக 1949இல் என்ரிக்கோ ஃபெர்மி கூறிய கருத்து இது. இவ்விரு வழிகளில் எதன் பங்கு பெரிது என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

விரைந்த எலக்ட்ரான்கள் சூரியனின் அடர்ந்த பகுதியில் மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறக்கும். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, பூமிக்கு 15 லட்சம் கி.மீ. அப்பாலிருந்து அக்கதிர்களை அளக்கிறது.

நமக்கு இதனால் என்ன? இத்துகள்கள் செயற்கைக் கோள்களின் மின்னணுக் கருவிகளைக் கெடுக்கக்கூடும். கடலூர் மீனவருக்கு நடுக்கடலில் வழிகாட்டும் கருவி அந்தக் கோள்களையே நம்பியிருக்கிறது. ஆகவே, சூரியனின் இந்தப் பந்தாட்டத்தைப் புரிந்துகொள்வது நம் கரையைக் காப்பதற்கும் உதவும் அல்லவா?