வெல்டிங் வேலைக்கு ஏற்ற உடை

உழவு மும்முரத்தில் கலப்பையின் கால் முறிந்துவிடுகிறது. அல்லது சேற்று உழவில் கேஜ் வீலின் பட்டை விட்டுப் போகிறது. டவுனுக்கு எடுத்துச் சென்று பற்றவைத்து வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். நிலத்தின் ஈரமும் போய்விடும். கையில் தூக்கிச் செல்லும் அளவிலான சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் வந்த பிறகு, டிராக்டர் வைத்துள்ள விவசாயிகள் பலர் இந்த வேலையைப் பம்ப்செட் கொட்டகையிலேயே முடித்துக் கொள்கிறார்கள். மெஷினோடு ராடும் கண்ணாடியும் வாங்குகிறார்கள். உடையைப் பற்றி யோசிப்பதில்லை. லுங்கி, பனியன், ரப்பர் செருப்புடன் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வெல்டிங்கின்போது தெறிக்கும் இரும்புத் துளியின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி சென்டிகிரேடு. இது தவிர, ஆர்க் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் திறந்த தோலை வெயிலைவிட வேகமாகச் சுட்டுவிடும். அன்று தெரியாது, இரவில் கையும் கழுத்தும் சிவந்து எரியும். இந்த இரண்டையும் தடுக்க வேண்டியது உடைதான்.

எந்தத் துணி கூடாது?

பாலியெஸ்டர், நைலான், டெரிகாட்டன் ஆகியவை கூடவே கூடாது. பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய துணி பசை போல் தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். பருத்தி உருகாது, பொறி பட்ட இடத்தில் கருகும், தட்டி அணைக்க நேரம் கிடைக்கும்.

காக்கி என்றாலே பருத்தி என்று எண்ண வேண்டாம். கடைகளில் விற்கும் காக்கித் துணியில் கலப்பு ரகம் அதிகம். ஜீன்ஸ் துணியிலும் இப்போது செயற்கை இழை சேர்வதுண்டு. சோதிப்பது எளிது. தையல் ஓரத்தில் துணியின் இழை ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

எப்படித் தைப்பது?

சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவு எடையுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தி ட்ரில் அல்லது கான்வாஸ் ஏற்றது. துணியை வெயிலில் தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. அடர்ந்த நிறமாக எடுக்க வேண்டும். வெளிர் நிறச் சட்டை, ஆர்க் வெளிச்சத்தை முகக்கவசத்துக்குள் எதிரொலிக்கும்.

சட்டை முழுக்கையாக, கழுத்து வரை பொத்தான் போடும்படி இருக்கட்டும். சட்டைப் பைக்கு மூடி வேண்டும். கால்சட்டையின் அடியில் மடிப்பு வைக்கக் கூடாது. பையும் மடிப்பும் பொறி விழுந்து தங்கும் இடங்கள். குனிந்தும் குந்தியும் செய்யும் வேலை என்பதால் தோளிலும் தொடையிலும் தாராளமாகத் தைக்க வேண்டும். தையல்காரரிடம் பருத்தி நூலால் தைக்கச் சொல்லுங்கள். பாலியெஸ்டர் நூல் பொறி பட்டால் விட்டுப் போகும்.

தீ எளிதில் பற்றாதபடி பக்குவம் செய்த பருத்தி உடையும் விற்பனைக்கு உள்ளது. வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஓ. 11611 என்ற குறியீட்டைப் பார்த்து வாங்கலாம். அதில் 1-ஆம் வகுப்பு குறைவாகப் பொறி தெறிக்கும் வேலைக்கு. 2-ஆம் வகுப்பு கடுமையான வேலைக்கு. இந்த உடையைப் பிளீச்சிங் போட்டு வெளுக்கக் கூடாது.

தோல் எங்கே தேவை?

தோல்தான் நன்கு உழைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் முழுத் தோல் உடையை யாராலும் போட்டிருக்க முடியாது. பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவோம். கழற்றி வைத்த உடை யாரையும் காக்காது. எனவே, பொறி விழும் இடத்தில் மட்டும் தோல், மற்ற இடத்தில் பருத்தி என்று அமைத்துக் கொள்வதே நல்லது. மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை தோல் ஏப்ரன், முன்கைக்குத் தோல் உறை, மணிக்கட்டைத் தாண்டும் நீளமான தோல் கையுறை ஆகியவை போதும். முதுகுப் பக்கம் பருத்தியாக இருப்பதால் காற்றோட்டம் கிடைக்கும். டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பற்றவைக்கும்போது மட்டும் தோளையும் கழுத்தையும் மூடும் தோல் சட்டையும், தலைக்குப் பருத்தித் தொப்பியும் தேவை.

குரோம் முறையில் பதனிட்ட தோலாகக் கேட்டு வாங்க வேண்டும். அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும்.

காலுக்குக் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் அவசியம். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் பொறி நேராகப் பூட்ஸுக்குள் இறங்கும்.

கவனிக்க வேண்டியவை

• டீசல், கிரீஸ் படிந்த சட்டையுடன் வெல்டிங் செய்யக் கூடாது. டிராக்டர் வேலைக்கு ஒன்று, வெல்டிங்குக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

• சட்டைப் பையில் தீப்பெட்டி, லைட்டர் இருக்கக் கூடாது.

• ராடு பற்றாத நேரத்திலும் ஹோல்டரில் 80 வோல்ட் அளவு மின்சாரம் இருக்கக்கூடும். வியர்வையில் நனைந்த சட்டையும் கையுறையும் அதைத் தடுக்காது. மாற்றுச் சட்டையும் மாற்றுக் கையுறையும் வைத்திருங்கள். கோடையில் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

• கையுறையால் சூடான இரும்பைத் தூக்காதீர்கள். தோல் சுருங்கி விறைத்துவிடும். அதற்கு இடுக்கி உண்டு. தோலைச் சோப்பு நீரில் ஊறவைக்காமல், துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

• இரும்பைப் பிடித்துக்கொள்ள வீட்டுப் பெண்களையோ பிள்ளைகளையோ அழைப்பது வழக்கம். நைலான் சேலையும் பாவாடையும் பொறிக்கு மிக அருகில் வருகின்றன. ஆளுக்குப் பதில் ஒரு சி-கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

துணி உருகித் தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்கக் கூடாது. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மேலே எதையும் பூசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மெஷின் வாங்கும் அன்றே ஏப்ரனையும் கையுறையையும் சேர்த்து வாங்கி, மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வையுங்கள். கலப்பை முறிந்த அவசரத்தில் தேடிப் போக நேரம் இருக்காது.